குரொய்டன்காரருக்கு இரவில் நெஞ்சு அடிக்கிறது

இரவு இரண்டு மணிக்கு விழித்துத் தன் நாடித்துடிப்பைப் பார்க்கும் பழக்கம் குரொய்டன்காரருக்கு ஜூன் பிறந்ததிலிருந்து தொற்றியிருக்கிறது. கையில் கட்டியிருக்கும் கடிகாரம் 58 என்று காட்டும். நேற்று 55 அல்லவா என்று நினைப்பார். நினைத்த மாத்திரத்தில் அது 66 ஆகிவிடும். மறுபக்கம் திரும்பிப் படுத்திருக்கும் மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்பார்: “இஞ்சருங்கோ, சோதனை எழுதப்போற பெடியன் மாதிரி ஏன் முழிச்சுக்கொண்டு கிடக்கிறியள்?”

சோதனைதான். ஜூன் மூன்றாம் சனிக்கிழமை, இங்கிலாந்தின் தென்கரையோரம் வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை ஓடும் ‘சவுத் டவுன்ஸ் வே’யை ஒரே பகலில் மவுன்டன் பைக்கில் கடப்பது என்று அவரும் இரண்டு நண்பர்களும் சென்ற தைப்பொங்கலன்று, வயிறு நிறைந்திருந்த நேரத்தில் தீர்மானித்தார்கள். பசித்திருந்தால் அப்படித் தீர்மானித்திருக்க மாட்டார்கள். குரொய்டன்காரருக்கு வயது 49; வேலை கணக்காய்வு; பிறந்த ஊர் சாவகச்சேரிப் பக்கம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் குடியிருக்கும் இடமே இந்த மடலில் அவர் பெயர்.

பாதையின் நீளம் 160 கிலோமீட்டர். 1972-இல் தேசிய நடைபாதையாகத் திறக்கப்பட்டபோதே குதிரைப் பாதையாக வகுக்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று குதிரைப் பாதைகளில் சைக்கிளோட்டவும் உரிமை கொடுத்தது. ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். இப்பாதையில் பெரிய மலை என்று எதுவுமில்லை. வழியிலேயே உயரமான பட்சர் குன்று 270 மீட்டர்தான். நுவரெலியா பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஏறி முடித்ததும் பாதை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கிவிடும், மறுபடி ஏறச் சொல்லும். அருன், அடூர், ஊஸ், கக்மியர் என்று ஒவ்வோர் ஆறும் சம்பாதித்த உயரத்தையெல்லாம் பறித்துக்கொள்ளும். எல்லா ஏற்றத்தையும் கூட்டினால் 3,500 மீட்டருக்கு மேல் வருகிறது. இலங்கையின் உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான்.

தரையோ சுண்ணக்கல். காய்ந்திருந்தால் சிமெந்துத் தரை. மழை தொட்டால் சவர்க்காரம் பூசிய குளியலறை. இடையிடையே தலைநீட்டும் தீக்கல் டயரின் பக்கச் சுவரைக் கத்திபோலக் கீறும்.

செய்தி பரவியதும் குரொய்டன் தமிழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி, “உமக்கேன் இந்த வயசில விசர்வேலை?” என்றது. மற்றக் கட்சி இன்னும் ஆபத்தானது. கோயில் அன்னதான வரிசையில் நின்ற ஒருவர் முதுகில் தட்டிச் சொன்னார்: “அண்ணை, நாங்கள் உழக்காத சைக்கிளோ? உங்களுக்கு ஏன் ரெயினிங்?”

அந்தப் பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. 1990-இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் எரிபொருளும் நின்றபின் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல்மூட்டை, நோயாளி, மணப்பெண் எல்லாம் கரியரிலும் பாரிலும் போன காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் ஊரே வானொலிச் செய்தி கேட்டது. குரொய்டன்காரர் அந்தக் காலத்தில் அண்ணனைப் பாரில் ஏற்றிக்கொண்டு பருத்தித்துறை வரை போய்வந்தவர். 1995 அக்டோபர் 30-ஆம் தேதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் மழையில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, பாதி வழியில் நிற்கும் பெரியம்மா குடும்பத்தைத் தேடி எதிர்த்திசையில் நாவற்குழிப் பாலம் வரை சைக்கிளை உருட்டிப்போய், அவர்களுடைய பெட்டியைக் கரியரில் கட்டி விடியும்வரை உருட்டி வந்தவர்.

ஆனால் அந்தக் கால்கள் இப்போது இல்லை. துன்பப்பட்டதைப் பயிற்சிக் கணக்கில் வரவு வைக்க முடியாது. பத்தொன்பது வயதில் உழக்கிய தசைக்கும் இருபத்தைந்து வருடம் கணினி முன்னால் மடங்கியிருந்த தசைக்கும் பொதுவாக இருப்பது ஆளின் பெயர் மட்டுந்தான். தவிர, குடாநாடு உள்ளங்கைபோலத் தட்டை. அங்கே எதிர்க்காற்றுக்குப் பழகலாம், ஏற்றத்துக்குப் பழக முடியாது. அந்தக் காலத்துச் சைக்கிள் பெருமையை நம்பி மலையேறப் போகிறவரைவிட, பயந்து தூக்கம் கெடுகிறவர் மேல் என்பது இந்த மடல்காரரின் கட்சி.

பயத்தைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் இரண்டு பயம். ‘முடிப்பேனா’ என்பது ஒன்று. அதை அவர் எல்லோரிடமும் சொல்வார். மற்றதை அவர் சொல்வதில்லை. இரவு இரண்டு மணிக்குக் கடிகாரத்தைத் தட்டிப் பார்க்கவைப்பது அதுதான். அவருடைய தகப்பனார் 54 வயதில், ஒரு பிற்பகல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்.

நமக்கு இதில் ஊர்க்கதை மட்டுமல்ல, எண்ணிக்கையும் இருக்கிறது. உலகளாவிய இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகளை வைத்து 2007-இல் வெளிவந்த கட்டுரையின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8. ஏறக்குறைய ஆறு ஆண்டு முந்திக்கொள்கிறோம். பிரிட்டிஷ் மருத்துவத்துறை நம்மவருக்கு எடைக் கோட்டையே தாழ்த்திப் போட்டிருக்கிறது: வெள்ளையருக்கு உடல் நிறை எண் 25-இல் தொடங்கும் எச்சரிக்கை தெற்காசியருக்கு 23-இலேயே தொடங்கிவிடும். குரொய்டன்காரர் ஜனவரியில் 26. இப்போது 24.

லண்டனில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது ஆய்வாளர் ஜெரி மொரிஸை விட்டுவிட முடியாது. அவரும் கூட்டாளிகளும் இந்நகரின் இரட்டைத் தட்டு பேருந்துக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு 1953-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். சாரதி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். நடத்துநர் படியேறி இறங்குபவர். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது; வந்தவர்களிலும் சட்டென்று இறப்பவர்கள் குறைவு. உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பு அறிவியலாக நின்றது அந்தப் படிக்கட்டில்தான். கணக்காய்வு மேசை, பெட்ரோல் நிலையக் கல்லாப்பெட்டி, இரவு டாக்ஸி என்று இங்கே வந்த நம்மவர் பிடித்த இருக்கைகளில் பெரும்பாலானவை சாரதி இருக்கைகள். நமக்கு நடத்துநர் வேலை கிடைத்ததே குறைவு.

அப்படி இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று பாய்வதுதான் வினை. 1993-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆய்வொன்று, கடும் உழைப்பைத் தொடர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்று கணக்கிட்டது. வாரம் ஒருமுறைகூட உடலை வருத்தாதவர்களுக்கு அது நூறு மடங்குக்கு மேல் எகிறியது. வாரத்தில் ஐந்து முறையோ அதற்கு மேலோ பயிற்சி செய்பவர்களுக்கு 2.4 மடங்குதான். அந்த ஒரு மணி நேரத்துக்கான கணக்கு இது. மொத்தத்தில் ஆபத்து சிறியதே. ஆனாலும் இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பாருங்கள். குரொய்டன்காரரின் ஐந்து மாதம் அந்தத் தூரத்தைக் கடப்பதில்தான் போயிருக்கிறது. ஜனவரிக் குளிரில் வாரம் மூன்று நாள், பிறகு நான்கு, சித்திரை வந்ததும் ஐந்து. லீத் குன்று, பொக்ஸ் குன்று என்று சரே மலைகளில் சனிக்கிழமைகள். மே மாதக் கடைசியில் 110 கிலோமீட்டர் ஓட்டி வந்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே சோஃபாவில் தூங்கிப்போனார்.

அந்த இரண்டாவது பயத்துக்கு வழி எளிது, அவர்தான் ஐந்து மாதம் தள்ளிப்போட்டார். 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இங்கிலாந்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனை இருக்கிறது. இரண்டு முறை வந்த அழைப்புக் கடிதம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்துக்குக் கீழே கிடந்தது. மனைவிதான் தொலைபேசியில் நேரம் வாங்கினார். இரத்த அழுத்தம் நல்லது. கொலஸ்ட்ரோல் கொஞ்சம் கூட. சீனிக் கணக்கு (HbA1c) 41. 42 தொட்டிருந்தால் நீரிழிவுக்கு முந்தைய படி. தகப்பனாரின் கதையையும் சொன்னதால் மருத்துவர் இசிஜி எடுத்துப் பார்த்தார், இருதயப் பிரிவுக்கும் எழுதினார். அங்கே ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, போய்வரலாம் என்றார்கள். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சு முட்டல் வந்தால் அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும், கௌரவம் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

மிச்சமிருப்பது முதல் பயம். அதற்கு மருந்து கொடுக்க யாருமில்லை, ஊதிவிடக் கடிகாரம் இருக்கிறது. காலையில் எழுந்ததும் ‘உன் தயார்நிலை 34’ என்று மதிப்பெண் போடும். உச்சத் துடிப்பு 171 என்று அது வைத்திருக்கும் கணக்கு 220-இலிருந்து வயதைக் கழித்து வந்தது. 1970-களின் தொடக்கத்தில் சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹாஸ்கெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் கையில் கிடைத்த சில ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே உத்தேசமாக இழுத்த கோடு அது. தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகலாம். லீத் குன்றில் ஒருநாள் 179 காட்டியபோது குரொய்டன்காரர் ‘போய்ச் சேரப்போகிறேன்’ என்று புல்லில் உட்கார்ந்துவிட்டார். கூடப்போன நண்பர் வைத்திருக்கும் அளவுகோல் இதைவிட நம்பகமானது: மேட்டில் ஏறும்போது அரசியல் கதைக்க முடிகிறதா? முழு வாக்கியம் வந்தால் சரியான வேகம். “ஓம்”, “இல்லை” மட்டும் வந்தால் கியரைக் குறை.

கடைசி இரண்டு வாரந்தான் மோசமானது, ஏனென்றால் அப்போது செய்ய வேண்டியது குறைவு. பந்தயத்துக்கு முந்திய ஓய்வைப் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்வது: இரண்டு வாரத்துக்குப் பயிற்சி அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறை, வேகத்தைக் குறைக்காதே, நாட்களையும் குறைக்காதே. பாதியாகக் குறைப்பது என்பது காகிதத்தில் இனிக்கும். உடம்பு சும்மா இருக்க, மனம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதுவரை இல்லாத முழங்கால் வலி வரும். தொண்டை கரகரக்கும். அலுவலக லிஃப்டில் யாராவது தும்மினால் கொலைகாரனைப்போலப் பார்க்கத் தோன்றும். சென்ற செவ்வாயன்று இந்த மனிதர் யாருக்கும் சொல்லாமல் பொக்ஸ் குன்றில் நான்கு முறை ஏறி இறங்கிவிட்டு வந்து, நண்பரிடம் பிடிபட்டார். “சோதனைக்கு முதல்நாள் இரா முழுக்கப் படிச்சு ஆர் பாஸ் பண்ணினது?” என்பது நண்பரின் கேள்வி. பதில் இல்லை, ஏனென்றால் குரொய்டன்காரர் அப்படிப் படித்துத்தான் உயர்தரத்தில் பாஸ் பண்ணினார்.

பயத்தை அடக்கியது கடைசியில் ஒரு வகுத்தல் கணக்கு. ஜூன் நடுவில் தென் இங்கிலாந்தில் காலை ஐந்துக்கு முன்பே வெளிச்சம். இரவு ஒன்பது தாண்டித்தான் மங்கும். பதினாறரை மணி நேரப் பகல். இளைப்பாறல், கேட் திறந்து மூடுதல், டயர் ஒட்டுதல் எல்லாம் சேர்த்துப் பதினைந்து மணி நேரம் எடுத்தாலும், மணிக்கு 11 கிலோமீட்டர் கூடத் தேவையில்லை. சுன்னாகம் சந்தைக்கு வாழைக்குலை கட்டிப்போகும் கிழவர் அதைவிட வேகம். காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவதால் கிழக்கே போகிறவரை முதுகில் தள்ளும்.

சாப்பாட்டிலும் ஊர் கை கொடுத்தது. உடம்பில் சேமித்து வைக்கக்கூடிய மாச்சத்து ஒரு சில மணி நேர உழைப்புக்கே காணும். மிச்சத்தை வழியில் ஊட்டிக்கொண்டே போக வேண்டும். குளுக்கோஸ் மட்டுமென்றால் மணிக்கு ஏறத்தாழ 60 கிராமுக்கு மேல் குடல் வாங்காது. கூடவே ஃபிரக்டோஸும் சேர்ந்தால் 90 கிராம் வரை வாங்கும், இரண்டும் வேறு வேறு வாசலால் உள்ளே போவதால். கடையில் விற்கும் ஜெல் பொட்டலங்கள் பலவும் இந்தக் கலவைதான். அவற்றைச் சப்பினால் அவருக்குக் குமட்டல். பனங்கட்டியில் பெரும்பகுதி சாதாரணச் சர்க்கரையே. அது குடலில் உடைந்தால் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். டூட்டிங் கடையில் குட்டானோடு கிடைக்கிறது. ஏப்ரல் முதல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதையே கடித்து வயிற்றைப் பழக்கியிருக்கிறார். உப்புக்கு எலுமிச்சை ஊறுகாய்த் துண்டு. மேட்டில் ஓர் ஆங்கிலேயர் ‘அது என்ன மணம்’ என்று கேட்டு, ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம்.

இறங்கிவிடும் வழிகளையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். தைரியம் கூடியது அதற்குப் பிறகுதான். பாதி வழியில், அருன் ஆற்றைக் கடக்கும் இடத்துக்கு அருகே அம்பர்லி ரயில் நிலையம். 130 கிலோமீட்டர் அளவில் ஊஸ் ஆற்றங்கரையில் சவுத்ஈஸ் நிலையம். பாதை அதை ஒட்டியே போகிறது. அங்கே ரயிலைப் பார்த்துவிட்டு ஏறாமல் ஃபேர்ல் பீக்கன் மேட்டைப் பார்ப்பதுதான் கடினம் என்று ஏற்கெனவே போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்.

வியாழன் இரவு சைக்கிள் சமையலறையில் நின்றது. மேல்தண்டில் ஒரு காகிதத் துண்டு, மழைக்கு நனையாமல் ஒட்டுநாடா போட்டு: தண்ணீர்க் குழாய்கள், இரண்டு ரயில் நிலையங்கள், எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு வந்திருக்க வேண்டும் என்ற நேரங்கள், எல்லாம் கணக்காய்வாளரின் பொடி எழுத்தில். கடிகாரத்தை மகன் வாங்கித் தன் அறையில் வைத்துக்கொண்டான், சனி காலை தருவதாக. காகிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி: ‘அம்பர்லியில் போன் எடுக்கவும். எடுக்காவிட்டால் நான் காரில் வருவேன்.’