சீட்டும் காற்றும்

சைக்கிளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப்போகிறேன் என்றதும் என் சிநேகிதர் ஒருவர், "நாவலாசிரியருக்கு உலகத்தில் வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று சிரித்தார். அகப்படாமல் என்ன! ஆனால் விருதுநகரில் நாற்பது வயதைத் தாண்டி, முழங்கால் வலியையும் சம்பாதித்துக்கொண்டு, இன்னமும் சைக்கிளிலேயே போய்வர ஆசைப்படுகிற ஒருவனுக்கு, சீட்டையும் காற்றையும்விட அவசரமான விஷயம் எது?

என்னுடையது அப்பா காலத்து ஹெர்குலிஸ். 1949-ல் அம்பத்தூரில் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. கறுப்பு வண்ணம் பாதி போய்விட்டது. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிற வாலிபர்கள் இப்போதெல்லாம் எங்கள் ஊரில் நின்று டீ குடிக்கிறார்கள். அவர்களில் ஒருவர், இலேசான அலுமினிய வண்டிக்குச் சொந்தக்காரர், என்னுடையதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கீழே வைத்தார். கனம் ஒரு குறைதான். ஆனால் எஃகுச் சட்டம் வளைந்தால் நிமிர்த்தலாம். விரிசல் விட்டால் லாரிப் பட்டறையில்கூட ஒட்டித் தருவார்கள். தூரப் பிரயாணம் போகிறவனுக்கு இது சின்ன விஷயமா?

முழங்கால் வலிக்கு வைத்தியரிடம் போனேன். "சைக்கிளை விட்டுவிடுங்கள்" என்றார். மனம் கேட்காமல் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் போனேன். நான் மிதித்து வந்த அழகைக் கடை வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர், "பல்லை மாத்துனாச் சரியாப் போயிரும்" என்றார். நான் என்னை அறியாமல் கன்னத்தைத் தடவினேன்.

"உங்க பல்லு இல்ல தம்பி, ஃப்ரீவீல் பல்லு!"

கணக்கு மிகவும் சுலபம். என் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18. மிதிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 18 அடி ஓடும். பின்னால் 22 பல் வைத்தால் 14½ அடிதான் ஓடும். அந்த அளவுக்குக் காலுக்குச் சிரமம் குறையும். எங்கள் பக்கத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஆடி மாதத்தில் ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்கு மிதித்துப் பாருங்கள். காற்றே மலையாக எதிரில் நிற்கும். பிரான்சில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி (1853–1930) என்பவர், ஒரே பல்லை வைத்துக்கொண்டு வீறாப்புக் காட்டாதீர்கள், பல கியர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தயக்காரர்கள் கேட்கவில்லை. சங்கிலி பல்லுக்குப் பல் தாவும் கியருக்கு, டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் தொழில்முறை வீரர்களுக்கு 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. வீறாப்பு எந்தத் தேசத்துக்கும் பொது.

அண்ணாச்சி செயினில் ஒரு கண்ணி கூட்டினார். கிராங்கின் காட்டர் பின்களையும் கழற்றி, ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்தார். முன்பு யாரோ இரண்டையும் ஒரே பக்கமாக அடித்திருந்ததால், மிதிக்கட்டைகள் ஒரே கோட்டில் நிற்காமல் கொஞ்சம் நொண்டிக்கொண்டிருந்தன. இரண்டு வாரத்தில் முழங்கால் என்னை மன்னித்துவிட்டது.

அடுத்தது சீட்டு. இதில்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருக்கும் ஸ்பாஞ்ச் சீட்டை வாங்குகிறார்கள். ஐந்து மைல் போனதும் இடுப்பெலும்பு பதிகிற இடம் அமுங்கிவிடும். நடுப்பகுதி மேலே பிதுங்கி, கூடாத இடத்தில் அழுத்தும். அடியில் சுருள்வில் வைத்த பழைய தோல் சீட்டு முதலில் பலகை மாதிரித்தான் இருக்கும். ஆனால் நாளாக ஆக, உட்காருகிறவனுடைய உருவத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும். எங்கள் வெயிலில் தோல் காய்ந்து வெடிக்காமல் அவ்வப்போது எண்ணெய் காட்ட வேண்டும். இரவல் மட்டும் கொடுக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் மலிவான சௌகரியம் காற்று. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்றுதான் காற்றடைத்த டயரைச் செய்தார். குலுக்கலைத் தாங்க வந்த பொருளைக் கல் மாதிரி அடித்துவைத்தால் என்ன பிரயோஜனம்? பாரத்தில் பாதிக்கு மேல் பின்சக்கரத்தில் விழுகிறது; ஆகவே முன்சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைவாகவே போதும்.

கல் மாதிரி அடித்துவிட்டு வெயிலில் நிறுத்துகிறவர்களும் உண்டு. ஒருநாள் திருத்தங்கலில் டீக்கடை வாசலில் அப்படி நின்ற ஒரு சைக்கிளின் டியூப் படாரென்று வெடித்தது. வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். அங்கே ஒருவரும் சைக்கிளைப் பார்க்கவில்லை. எல்லோரும் எழுந்து, புகை தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன விபத்தை நினைவில் வைத்திருக்கும் பிரதேசம் அது.

போன மாசியில் அண்ணாச்சி கடையில் நான் சீட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். பட்டாசு ஆபீஸில் வேலை. மனைவியையும் கேரியரில் வைத்து மிதித்துப் போய்வருகிறவர். அந்த அம்மாள் எதிர்ப்புற வேப்பமர நிழலில் நின்றாள். இரண்டு டயருமே தேய்ந்திருந்தன. கையிலோ ஒரு டயருக்குத்தான் பணம் இருந்தது.

"புதுசை முன்னாடி போடுவோம். முன்டயர் வெடிச்சா ஆளைத் தூக்கி எறிஞ்சிரும்" என்றார் அண்ணாச்சி. நியாயமான பேச்சு.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இல்ல அண்ணாச்சி, பின்னாடியே போடுங்க. போன வருசம் பக்கத்து ரூம்ல வெடிச்சப்ப அவ உள்ள இருந்தா. மேல ஒரு காயம் இல்ல. ஆனா எங்க ஒரு சத்தம் கேட்டாலும் உடம்பு வெடவெடன்னு ஆடிப்போயிருது. அவளுக்குக் கீழ வெடிக்கக் கூடாது."

அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. புது டயரைப் பின்னால் போட்டார். பழையது இரண்டில் நல்லதாக இருந்ததை முன்னால் மாற்றி, அதன் உட்புறத்தில் தேய்ந்த இடத்துக்கு வேறொரு டயரிலிருந்து அறுத்த துண்டை வைத்தார். கேரியர் கம்பிகளில் கிழிந்த டியூபை வரிந்து சுற்றினார். அதற்குக் காசு வாங்கவில்லை. பம்பை எடுத்தபோது அந்த அம்மாள் ரோட்டைக் கடந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"ரொம்ப அடிக்காதீங்கண்ணே."

"நீயே அமுக்கிப் பாரு தாயி" என்று அவர் விலகி நின்றார். அவள் குனிந்து, கட்டைவிரலால் பின்டயரை அழுத்திப் பார்த்தாள். இன்னொரு தடவையும் அழுத்தினாள். பிறகு, "இன்னும் ரெண்டு அடி அடிக்கலாம்" என்றாள்.