பிசிறும் பாவும்

நாவலை எழுதி முடிப்பது மகிழ்ச்சி. எழுதி முடித்த நாவலைக் குறைப்பது கல்வி. முன்னதைப் பற்றிப் பேசுவோர் பலர். பின்னதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அந்தக் கல்வியைக் கடந்த ஒன்றரை ஆண்டுகளாக அடுப்படியிலும் திண்ணையிலும் பேருந்திலும் பயின்று வருகிறேன். அதில் நான் அறிந்துகொண்ட சிலவற்றை நம் கல்லூரி மாணவ நண்பர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் இக்கல்லூரியில் இளங்கலைத் தமிழ் பயின்றவள். இன்று பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர். திருச்செங்கோட்டுக்கு அருகில் வீடு. கணவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மாமியார், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் ஆகியோர் அடங்கியது எங்கள் குடும்பம். நான் எழுதிய முதல் நாவல் பள்ளிபாளையத்து விசைத்தறிக் குடும்பம் ஒன்றின் கதை. அது நான் பிறந்து வளர்ந்த குடும்பமே என்பதை மறைப்பதற்கில்லை. முதற்படி, கையெழுத்தில் 412 பக்கங்கள் வந்தது. இப்பொழுது 268 பக்கங்களில் நிற்கிறது.

"குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு இதற்கெல்லாம் நேரம் எங்கே கிடைக்கிறது?" என்று தோழியர் கேட்கிறார்கள். கேள்வி புதிதன்று. வை. மு. கோதைநாயகி அம்மாளுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. சிறு வயதிலேயே திருமணம். தம் முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அவ்வாறு தொடங்கியவர் 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் குளியலறையில் நின்று கவிதை எழுதியதைத் தாமே சொல்லியிருக்கிறார். அவருடைய முதல் நாவல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' 2004இல் வெளிவந்தது. கடல் கடந்தால் அமெரிக்காவின் டோனி மாரிசன். பதிப்பகத்தில் வேலை, வீட்டில் இரண்டு சிறுவர்கள், துணைக்குக் கணவர் இல்லை. விடியலுக்கு முன் எழுந்து எழுதிய அவருடைய முதல் நாவல் 1970இல் வந்தது. பின்னாளில், 1993இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவர்களோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் துணிவு எனக்கு இல்லை. ஆனால் இவர்களை நினைத்தால் நேரம் இல்லை என்று சொல்ல நா எழுவதில்லை. எனக்குக் கிடைப்பது அதிகாலை நான்கு மணி முதல் ஐந்தரை வரை. அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் இல்லை. ஊரில் மாரியம்மன் பண்டிகை என்றால் பதினைந்து நாள் இல்லை.

இந்த இடையூறுகளைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். எழுதுவதற்கு இவை பகை; குறைப்பதற்கு இவை துணை. எழுதும்போது ஓட்டம் அறுந்தால் மீண்டும் பிடிப்பது அரிது. குறைக்கும்போது அப்படி இல்லை. நான்கு நாள் கழித்து ஒரு பக்கத்தை எடுத்துப் பார்த்தால் அது வேறொருவர் எழுதியது போல் தோன்றும். நேற்று எழுதியதை வெட்டக் கை நடுங்கும். போன மாதம் எழுதியதை வெட்டக் கை நடுங்குவதில்லை. திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல் வருவதற்குள் பேருந்தில் இரண்டு பக்கங்களைத் தாராளமாகத் திருத்தலாம். அதற்கு மேசையும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம்.

எதை வெட்டுவது? எதை வைப்பது? இதற்கு நான் வெளிநாட்டு நூல் எதையும் தேடவில்லை. இளங்கலை முதலாண்டில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிட்ட நன்னூலே கை கொடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் வகுத்தார் அல்லவா? அவற்றை ஓர் அட்டையில் எழுதி, அரிசிப் பானைக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

முதலில் அகப்பட்டது 'மற்றொன்று விரித்தல்'. என் நாவலில் விசைத்தறி ஓடும் விதத்தைப் பற்றி மட்டும் 19 பக்கங்கள் இருந்தன. பாவு நூல் கஞ்சி போட்டு வருவது, அச்சில் கோப்பது, நாடா பாய்வது, தார் தீர்ந்தால் மாற்றுவது எல்லாம் இருந்தன. எல்லாம் உண்மை, எல்லாம் நான் கண்ணால் கண்டவை. ஆயினும் கதை அங்கே நின்றுவிட்டது. அவற்றில் இரண்டு பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். தறிக் கூடத்தை ஒட்டிய அறையில் தூங்கும் தாய், தறிகளின் இரைச்சலில் நிம்மதியாக உறங்குகிறாள். ஒரு தறி நின்று ஓசை மாறினால் உடனே விழித்துக்கொள்கிறாள். தறியைப் பற்றி வாசகர் அறிய வேண்டியது அதில் வந்துவிடுகிறது.

அடுத்தது 'கூறியது கூறல்'. தாயின் களைப்பை 23 இடங்களில் சொல்லியிருந்தேன். மூன்று போதும். துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது வளர்வதில்லை, தேய்கிறது. பிறகு 'சென்று தேய்ந்து இறுதல்'. கதை முடிந்த பின்னும் திருமணம், வளைகாப்பு, பிள்ளைக்குப் பெயர் சூட்டுதல் என 30 பக்கங்கள் ஓடின. ஹெமிங்வே தம் 1929ஆம் ஆண்டு நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தை 39 முறை திருப்பி எழுதியதாக ஒரு பேட்டியில் சொன்னார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எங்கே தேயத் தொடங்குகிறதோ அங்கேயே நிறுத்தினேன்.

நன்னூலுக்கு அடுத்தபடியாக எனக்கு வாய்த்த ஆசிரியர் என் மாமியார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரவில் சோறுண்ட பின் முறத்தில் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருப்பார். நான் படித்துக் காட்டுவேன். அவர் கருத்துச் சொல்வது அரிது. ஆனால் கை சொல்லிவிடும். கதை தொய்ந்தால் கடலைக்காய் வேகமாக உடைபடும். கதை பிடித்துவிட்டால் கை அப்படியே நின்றுவிடும். கை நின்ற பக்கங்களை நான் தொடுவதில்லை. ஒருநாள் மட்டும் வாய் திறந்து சொன்னார்: "ஏங்கண்ணு, அந்தப் புள்ள பஸ் ஏறறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துருச்சு. அவ ஏறுனா ஏறட்டும், இல்லாட்டி ஊட்டுக்குப் போகட்டும்." அன்றிரவே அந்த ஆறு பக்கங்கள் ஒரு பக்கம் ஆயின.

நம் கொங்கு மண்ணிலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. ஆர். சண்முகசுந்தரம் 1942இல் வெளியிட்ட 'நாகம்மாள்' சிறிய நாவல். கைம்பெண் ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அவ்வளவுதான் கதை. ஆனால் ஒரு கொங்குக் கிராமம் முழுதும் அதில் அடங்கியிருக்கிறது. பேச்சும் நம் பேச்சு. நாமக்கல் அரசு கல்லூரியில் தமிழ் பயிற்றுவித்த பெருமாள்முருகன் 1991இல் தம் முதல் நாவலான 'ஏறுவெயில்' வழியாகச் சொன்னதும் இந்த வெயில் காட்டுக் கதைதான். குடியிருப்புக் காலனி வர, நிலத்தை இழந்து பெயரும் ஒரு குடியானவக் குடும்பம். இவ்விரு நூல்களையும் நாவலைத் திருத்தும் கண்ணோடு மீண்டும் படித்தேன். அவர்கள் சொல்லாமல் விட்டவை எவை என்று பார்ப்பதே ஒரு பாடமாக இருந்தது.

இனி, என்னை மிகவும் அலைக்கழித்த பகுதிக்கு வருகிறேன். அது பதினோராம் அத்தியாயம்.

விசைத்தறிப் பகுதியில் 'முன்பணம்' என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியும். வேலைக்குச் சேரும்போது தறி உரிமையாளர் ஒரு தொகை கொடுப்பார். கூலியில் வாரந்தோறும் பிடித்துக்கொள்வார்கள். மிஞ்சும் கூலி வயிற்றுக்குப் போதாது. ஆகவே மருத்துவத்துக்கும் நோம்பிக்கும் மீண்டும் வாங்க நேரும். கடன் குறையாது. கடன் தீராமல் வேறு தறிக்குப் போக முடியாது. போக வேண்டுமானால் புதிய உரிமையாளர் பழைய கடனைக் கட்ட வேண்டும். ஆள் மாறுவான், கடன் மாறாது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்த ஊரில்தான் இதுவும் நடந்தது.

அப்பா நோயில் விழுந்தபோது எங்கள் வீட்டு முன்பணம் ஏறியது. எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் பள்ளியை விட்டுத் தறிக்குப் போனான். நான் தொடர்ந்து படித்தேன். இக்கல்லூரி வரை வந்தேன். பதினோராம் அத்தியாயம் அவன் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு முதல் இரவு ஷிப்டுக்குப் போகும் கதை.

அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதைய மட்டும் எடுத்துரு சாமி. அவம் புள்ள வளந்து நிக்கறா. நாலு பேரு படிச்சா அவனுக்குத் தலக்குனிவு" என்றார்.

தாயின் சொல்லைத் தட்டுவது எளிதா? அந்த அத்தியாயம் 14 பக்கங்கள். நாவலோ எப்படியும் குறைய வேண்டியது. எடுத்துவிட்டால் அம்மாவுக்கு நிம்மதி, பக்கமும் குறையும். எடுப்பதற்கு இலக்கியக் காரணங்களும் வரிசையாக வந்து நின்றன. கதையின் வேகம் தடைப்படுகிறது, பார்வை மாறுகிறது, இத்தியாதி. சுருக்கம் என்னும் நல்ல பெயரைச் சூட்டிக்கொண்டு அச்சம் உள்ளே நுழையும் என்பதை அப்போதுதான் கண்டேன். சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தேன். பத்துக் குற்றங்களில் பவணந்தியார் முதலில் வைத்தது 'மிகைபடக் கூறல்' அன்று, 'குன்றக் கூறல்'. மிகுத்துச் சொல்வது அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

தறி வீட்டில் பிறந்தவளுக்கு இது விளங்காமல் போகாது. நெய்து இறக்கிய துணியில் பிசிறு வெட்டும் வேலையைச் சிறு வயதில் நானும் செய்திருக்கிறேன். பிசிறை வெட்டினால் துணி துலங்கும். பாவு நூலை வெட்டினால் துணி கிழியும். இரண்டும் நூல்தான்; கத்தரிக்கு வேற்றுமை தெரியாது. வெட்டும் கைக்குத்தான் தெரிய வேண்டும்.

ஆயினும் அந்த அத்தியாயத்தில் இருப்பது என் வாழ்வு மட்டும் அன்று, அண்ணன் வாழ்வு. ஆகவே அதை அண்ணன் கையில் கொடுத்தேன். "இது உங்களப் பத்தினதுங்ண்ணா. நீங்க வேண்டாம்னா எடுத்தர்றேன்" என்றேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டான். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை, இரவு ஷிப்டு முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அம்மிணி, அன்னிக்கு நா அழுகுல. தார் எடுத்து மாட்டறதுக்கே நேரஞ் செரியா இருந்துச்சு. அழுத மாரி இருக்கறத மட்டும் எடுத்துரு. மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றான்.

பிறகு, உடனிருந்த அம்மாவைப் பார்த்து, "நாம என்ன திருடியா தின்னோம், வெக்கப்படறதுக்கு? வாங்குன பணத்தக் கட்டித்தானம்மா தீத்தோம்" என்றான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தெருவின் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றிவிடும்படி மட்டும் கேட்டுக்கொண்டார், மாற்றிவிட்டேன். அண்ணன் சொன்ன பதினொரு வரிகளையும் நீக்கினேன். அவ்வரிகள் போன பிறகு அந்த அத்தியாயத்தைப் படித்தேன். பையன் பையை மாட்டுகிறான், கதவைச் சாத்துகிறான், தறி ஓடுகிறது. அழுகை இல்லை. படிப்பவருக்கு அது வேண்டுமானால் அவர்களே கொண்டு வருவார்கள். அன்றிரவு படித்துக் காட்டியபோது மாமியாரின் கை நின்றுவிட்டது.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த திருத்தம் அது. நன்னூலின் பத்து அழகுகளில் 'சுருங்கச் சொல்லல்' முதலாவது; 'விளங்க வைத்தல்' இரண்டாவது. இரண்டையும் அடுத்தடுத்து ஏன் வைத்தார்கள் என்பதை வகுப்பில் மனப்பாடம் செய்தேன், வீட்டில் புரிந்துகொண்டேன்.

நாவல் இன்னும் அச்சேறவில்லை. படி எடுக்கும் வேலை மிச்சமிருக்கிறது. பதிப்பாளர் கிடைப்பாரா, கிடைத்தாலும் எத்தனை பேர் படிப்பார்கள் என்பவை என் கையில் இல்லாதவை. என் கையில் இருந்தது கத்தரி ஒன்றுதான்.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். நம்மில் பலருடைய படிப்புக்குப் பின்னால் ஓர் அண்ணன், ஓர் அக்கா, தறியிலோ சேகோ ஆலையிலோ கோழிப் பண்ணையிலோ நின்றுகொண்டிருக்கிறார்கள். உங்களுக்குள் எழுத விரும்புவோர் இருந்தால் தாராளமாக எழுதுங்கள். எழுதிய பின் இரக்கமின்றிக் குறையுங்கள். அலங்காரத்தை வெட்டுங்கள்; அறிவைக் காட்டிக்கொள்ளும் பக்கங்களை வெட்டுங்கள்; அழுகையை வெட்டுங்கள். ஆனால் நம்மைப் படிக்க வைத்தவர்களை, வெட்கத்தின் பொருட்டு வெட்டிவிடாதீர்கள். அவர்கள் பிசிறு அல்லர், பாவு.