மங்கிய திரை

குற்றம் ஒன்று நேர்ந்தவிடத்து அதன் காரணத்தைப் பிறரிடத்தும் பிற பொருளிடத்தும் தேடுவது மாந்தர்க்கு இயல்பு. தம் கையை முதலில் நோக்குவார் சிலரே. அச்சிலருள் யாம் ஒருவரல்லேம் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் அறிந்துகொண்டோம். அதனை எமக்குக் கற்பித்தது ஒரு சிறு ஆகாய விமானம்.

தொகையும் தொடரும் பயிலும் தமிழ் மாணாக்கர்க்கு விமானத்தோடு யாது தொடர்பு என அன்பர்கள் வினவக்கூடும். எம் தமையனார் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் கொட்டகையில் பழுதுபார்க்குந் தொழில் பயின்று வருகின்றார். அவருடன் பத்து நாள் தங்கியிருந்தோம், அவ்வளவே தொடர்பு.

அங்கிருந்த விமானமொன்றில், முள்ளோடு கூடிய வட்டக் கருவிகள் பல இருந்த இடத்தை இரண்டு தொடுதிரைகள் கைக்கொண்டிருந்தன. வேகம், உயரம், சாய்வு, திசை, வழிப்படம் ஆகிய யாவும் அவற்றில் தோன்றும். தொடுதிரை என்பது நேற்றுத் தோன்றிய பொருளன்று. இங்கிலாந்தில் மால்வெர்ன் நகரத்து ராடார் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜான்சன் என்பார் 1965-ஆம் ஆண்டிலேயே அதனை விவரித்துள்ளார். விமானப் போக்குவரத்தைத் தரையிலிருந்து நெறிப்படுத்துவோர்க்கு உதவுதல் அதன் முதற் பயன்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது.

இத்திரைகளுக்கு நேரும் இடர்களைத் தமையனார் எமக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். விரலின் மின்னியல்பை உணரும் திரை தடித்த கையுறையை உணராது. நீர்த்துளியை விரலென மயங்கினும் மயங்கும். காற்றில் விமானம் குலுங்குங்கால் விரல் குறி தவறும். ஆதலால் திரையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கட்டைவிரலால் தொடுதல் நன்று. சிலவகைக் கறுப்புக் கண்ணாடிகளை அணிந்து நோக்கின் நல்ல திரையும் இருண்டு தோன்றும். வெப்பம் மிகின் திரை தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஒளியைக் குறைக்கும். இவற்றுள் எது பழுது, எது பழுதன்று எனப் பகுத்தறிதலே தொழிலின் முதற்படி என்றார்.

மூன்றாம் நாள் எம்மிடம் ஒரு துணியைக் கொடுத்து, "தம்பி, கதவுகளை மட்டும் துடைத்து வை" என்று சொல்லிச் சென்றார். யாமோ அவரை மகிழ்விக்க விரும்பி, அலுவலறைச் சன்னல்களுக்கென வைத்திருந்த அம்மோனியா கலந்த நீர்மத்தை எடுத்து, இடப்புறத் திரையையும் பளபளக்கத் துடைத்துவிட்டோம். கூச்சொளியைத் தடுக்கத் திரையின்மேற் பூசியுள்ள மெல்லிய பூச்சை அம்மோனியா கெடுக்கும் என்பதை அப்பொழுது அறியோம்.

ஐந்தாம் நாள் பிற்பகல் பறந்து மீண்ட மாணவ விமானி, இடப்புறத் திரை முதலில் மங்கிற்று என்றும், பின்னர் விரலின் ஏவலை ஏற்கவில்லை என்றும், துணைக்கென வைத்துள்ள பழைய வட்டக் கருவிகளைக் கொண்டே இறங்கியதாகவும் கூறினார். தலைமை இஞ்சினீயர் வந்து நோக்கினார். திரையின் விளிம்பில் வெண்மையான திட்டுக்கள் படர்ந்திருந்தன. "இதனைத் துடைத்தவர் யார்? நீர்மம் உட்புகுந்து கெடுத்திருக்கிறது" என்றார். எம் தமையனார் தலைகுனிந்து, "துப்புரவு என் பொறுப்பு, ஐயா" என்றார். யாம் அருகில் நின்றும் வாய் திறந்திலேம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. தமையனார் எம்மை ஒரு வார்த்தையும் கேட்டாரல்லர். அதுவே எம்மைச் சுட்டது. பயிற்சிக் காலம் முடியுமுன் இத்தகைய பழி நேரின் அவர் வேலை என்னாகும் என எண்ணியெண்ணி வருந்தினோம். விடிந்ததும் இஞ்சினீயரிடம் சென்று, எந்த நாள், எந்த நீர்மம், எவ்வளவு என்பவற்றை ஒளியாது கூறினோம்.

அவர் சினப்பார் என எதிர்பார்த்தோம். அவரோ சற்று நேரம் சிந்தித்து, "துணியில் நனைத்தாயா, திரையின்மேல் ஊற்றினாயா?" என்று கேட்டார். துணியில் சிறிதே நனைத்தோம் என்றோம். "அங்ஙனமாயின் உட்புகுந்திராது. திட்டு வேறு, பழுது வேறாக இருக்கலாம்" என்று கூறி, ஆராய்ச்சியைப் புதிதாகத் தொடங்கினார்.

மின்சாரம் முறையாக வருவதைக் கண்டார். திரையைக் கழற்றி, இணைப்பு முனைகளை நோக்கி, மீண்டும் இறுகப் பொருத்தினார். காலையில் நடத்திய சோதனையில் குறையொன்றும் இல்லை. பின்னர் இரு திரைகளும் ஒரே வகையின ஆதலின், ஒன்றன் இடத்தில் மற்றொன்றை மாற்றி வைத்து, நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் இயக்கினார். பழுது திரையினதாயின் திரையைத் தொடர்ந்து செல்லும். இடத்தினதாயின் இடத்திலேயே நிற்கும். எம் கைபட்ட திரை வலப்புறத்தில் நன்கு விளங்கிற்று. குறையற்ற திரையோ இடப்புறத்தில் மங்கிற்று! உட்புறத்தை நோக்க, இடப்புறத் திரையைக் குளிர்விக்கும் சிறு விசிறி தூசியடைந்து சுழலாது நின்றிருந்தது.

"நீ சொல்லாதிருந்தால் இத்திரையைப் பழுதுபார்க்க வெளியூர்க்கு அனுப்பி, வேறொன்றை இங்கு வைத்திருப்போம். அதுவும் வானத்தில் மங்கியிருக்கும்" என்றார் இஞ்சினீயர். ஆயினும் எம் பிழையை அவர் மறைத்தாரல்லர். பூச்சுக் கெட்ட செய்தியும் விசிறியின் செய்தியும் விமானத்தின் பதிவேட்டில் தனித்தனியே எழுதப்பட்டன. அத்திட்டுக்கள் இன்றும் அழியவில்லை.

சிறு விமானங்களில் புகுந்த கண்ணாடித் திரைகளைக் குறித்து அமெரிக்க நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டது. புதுக்கருவியால் மட்டும் பாதுகாப்பு மிகவில்லை என்றும், அது பழுதுறும் வகைகளை விமானிகள் பயிலவேண்டும் என்றும் அவ்வாய்வு கூறுகின்றது. கருவியைப் பயன்படுத்துவோர்க்கும் அதனைத் துடைப்போர்க்கும் இப்பயிற்சி வேண்டும் என்பது எமது துணிபு.

விடைபெறும் நாளில் தமையனார் எம் தோளைத் தொட்டு, "நீதான் என்று அன்றே அறிவேன். நீயே சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன்" என்றார். விமானத்தில் மங்கிய திரை விசிறி மாற்றியபின் தெளிந்தது. எம் உள்ளத்தில் மங்கியிருந்தது அச்சொல் கேட்டபின்னரே தெளிந்தது.