பதிவேட்டில் ஒரு பெயர்

பொருள் தேடிக் கடல் கடப்பது உலக வழக்கம். எங்கள் தந்தையாரோ உறவைத் தேடிவரும்படி எங்களைக் கடல் கடந்து படிக்க அனுப்பினார். 1972ஆம் ஆண்டில், மலேசியாவின் கெடா மாநிலத்து இரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து, அண்ணன் தம்பி இருவரும் திருச்சிக்கு வந்தோம். மூத்தவனுக்கு வயது 16, இளையவனுக்கு 14.

பினாங்குத் துறைமுகத்தில் எங்களை ஏற்றிக்கொண்ட கப்பல் 'ரஜூலா'. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலில்தான் எங்கள் பாட்டனாரும் 1928இல் நாகப்பட்டினத்தில் ஏறினார் என்று தந்தையார் துறைமுகத்தில் நின்று சொன்னார். கங்காணி ஒருவருடைய பேச்சைக் கேட்டு, வீட்டாரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் இரவோடு இரவாகப் புறப்பட்டவர் அவர். பாட்டனாரைக் கொண்டுபோன கப்பலே பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தது. மறு ஆண்டிலேயே அது அந்தப் பயணத்திலிருந்து ஓய்ந்துவிட்டது.

பாட்டனாரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது மிகக் குறைவு. பெயர் இராயப்பன், அவருடைய தந்தை பெயர் சூசை, ஊர், கொள்ளிடக் கரையில் பூண்டி மாதா கோவிலுக்குப் பக்கம். 1943இல் ஜப்பானியர் அவரைச் சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிச் சென்றபோது எங்கள் தந்தைக்கு வயது 11. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் அந்தக் காடுகளில் மாண்டனர். பாட்டனார் வாந்திபேதி கண்டு முகாமிலேயே இறந்தார் என்று, உயிர் தப்பி வந்த ஒருவர் பாட்டியிடம் சொன்னார். குருவானவரும் இல்லை, கல்லறையும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, பிள்ளைகளோடு வேறு தோட்டத்துக்குப் பிழைக்கப் போனாள். ஊரோடு இருந்த கடிதத் தொடர்பு அத்துடன் அறுந்தது.

திருச்சி விடுதியில் முதல் சில மாதங்கள் துன்பமாகவே கழிந்தன. எங்கள் தமிழ் அங்குள்ள மாணவருக்குச் சிரிப்பாக இருந்தது. "உங்கள் பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டபோது, "அப்பா கிராணி, அம்மா தினமும் மரம் வெட்டப் போவார்கள்" என்றோம். பால்மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். "தினமும் வெட்டினால் காட்டில் மரம் மிஞ்சுமா?" என்று விடுதியே சிரித்தது. மலேசியாவில் நாங்கள் இந்தியர். இந்தியாவில் நாங்கள் மலேசியாக்காரர். அப்படியானால் எந்த ஊர்தான் எங்கள் ஊர் என்று இரவில் போர்வைக்குள் எண்ணி ஏங்கினோம்.

காலாண்டு விடுமுறையில் பேருந்து ஏறிப் பூண்டிக்குச் சென்றோம். மாதாவின் பாதத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, சுற்றியுள்ள பங்குகளில் விசாரித்தோம். மூன்றாம் நாள், ஒரு பங்குச் சுவாமியார் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். செல்லரித்த தாள், மங்கிய மை, எல்லாம் இலத்தீன் மொழி. மூவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தும் இராயப்பன் என்னும் பெயர் இல்லை. நாங்கள் எழுந்துவிட்டோம். சுவாமியார் நெற்றியைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"உட்காருங்கள், தம்பி. அந்தக் காலத்துக் குருக்கள் இராயப்பன் என்று எழுதமாட்டார்களே! பெத்ருஸ் என்றல்லவா எழுதியிருப்பார்கள்? சின்னப்பன் என்றால் பவுலுஸ். சூசை என்றால் யோசேபுஸ். நானே மறந்துபோனேன்."

1908ஆம் ஆண்டின் பக்கத்தில் அவர் இருந்தார். யோசேபுஸ் மகன் பெத்ருஸ். கல்லறையே இல்லாத எங்கள் பாட்டனாருக்கு இவ்வுலகில் ஓர் எழுத்துச் சான்று இருந்தது! அந்த வரியை நாங்கள் விரலால் தொட்டுப் பார்த்தோம்.

அருகில் நின்ற உபதேசியார், "சூசை மகளா? அமலோற்பவம் இன்னும் இருக்கிறாளே!" என்றார்.

பாட்டனாரின் தங்கை, எங்களுக்கு அத்தைப்பாட்டி. அறுபதை நெருங்கிய விதவை. திண்ணையில் முறத்தோடு அமர்ந்திருந்தவள், நாங்கள் யார் என்று அறிந்ததும் எங்கள் முகங்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். 1941இல் அண்ணன் எழுதிய கடைசிக் கடிதம் அதில் இருந்தது. அடுத்த பாஸ்காவுக்கு ஊருக்கு வருவதாக எழுதியிருந்தார். அந்த 31 ஆண்டுகளும் பாஸ்காதோறும், கடல் கடந்த அண்ணனின் சுகத்துக்காக அவள் ஒரு பூசை வைத்து வந்தாளாம்.

"அண்ணன் சுகமா இருக்காரா, ராசா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "சுகமாக இருக்கிறார், அத்தைப்பாட்டி" என்றோம். அவள் கொடுத்த கேப்பைக் களி தொண்டையில் இறங்கவில்லை.

விடுதிக்குத் திரும்பியும் உறக்கம் வரவில்லை. இறந்தவரை உயிரோடிருப்பவர் என்று சொல்லி, அவருடைய ஆன்மாவுக்குரிய செபத்தையும் அல்லவா தடுத்துவிட்டோம்! தந்தையாருக்கு எல்லாவற்றையும் எழுதினோம். விமானக் கடிதத்தில் பதில் வந்தது: "அத்தையைக் கண்டுபிடித்ததற்கு இறைவனுக்கு நன்றி. ஆனால் பொய்யின்மேல் உறவைக் கட்டலாகாது. நேரில் போய்ச் சொல்லுங்கள். மன்னிப்பும் கேளுங்கள்."

நவம்பர் முதல் நாள், சகல அர்ச்சியசிஷ்டர் திருநாளன்று போனோம். வழி நெடுக ஒத்திகை பார்த்த சொற்கள் அனைத்தும் திண்ணையைக் கண்டதும் மறந்துபோயின. இளையவன் அழுதுவிட்டான். மூத்தவன்தான் ஒருவாறு சொல்லி முடித்தான். அத்தைப்பாட்டி நெடுநேரம் பேசவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும், ராசா" என்றாள் பிறகு. "உசிரோட இருக்கிற மனுசன், பேரப்பிள்ளைங்க கையில ஒரு கடுதாசி கொடுத்து விடமாட்டாரா? உங்க வாயால வரட்டும்னுதான் காத்திருந்தேன். கோவிச்சுக்கிட்டு எழுதாம இருக்காருன்னு இத்தனை வருசம் நெனச்சேன். எங்க அண்ணன் கோவிக்கலே. அது போதும்."

மறுநாள் கல்லறைத் திருநாள். அவளுடைய பெற்றோரின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு மரச்சிலுவை நட்டோம். அடியில் உடல் இல்லை. ஆனாலும் சுவாமியார் அதை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். திருப்பலியில் பாட்டனாரின் பெயர் இறந்தோருக்கான செபத்தில் முதன்முறையாக வாசிக்கப்பட்டது. இராயப்பன் என்றே வாசித்தார்கள். எந்த ஊர் எங்கள் ஊர் என்ற கேள்வி அன்றோடு நின்றது. நமக்காகச் செபிக்க ஒருவர் இருக்கும் ஊர் நம் ஊர்தானே?

1974இல் படிப்பை முடித்துக்கொண்டு நாடு திரும்பினோம். பள்ளியில் கற்ற பாடங்களில் பலவற்றை மறந்துவிட்டோம். திண்ணையில் கற்ற பாடம் மட்டும் மறக்கவில்லை. முன்னோரைத் தேடிப் போகிறவன் பெருமையை மட்டும் சுமந்து வர முடியாது; அவர்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் கடமையையும் ஏற்கவேண்டும்.

இன்று திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் ஏறத்தாழ 4 மணி நேரம்தான். ஆனால் வழி சுருங்கியதால் மட்டும் உறவு நெருங்கிவிடுமா? வாசக நேயர்களே, உங்கள் குடும்பத்திலும் கடல் கடந்து போய்க் கடிதம் நின்றுபோன ஒருவர் இருக்கலாம். அவருடைய பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பங்குக் கோவிலின் பழைய பதிவேட்டில் அது இருக்கக்கூடும், தேடுங்கள். தமிழில் கிடைக்காவிட்டால், இலத்தீனில் தேடுங்கள். அவருக்காக எங்கோ ஒரு திண்ணையில் இன்னும் ஒருத்தி காத்திருக்கலாம்.