சேதுக்கரையில் ஒரு கங்கைச் செம்பு

எங்கள் இல்லத்துப் பூஜையறையில், வாய் பற்றவைத்த சிறிய செப்புச் செம்பு ஒன்று 26 ஆண்டுகள் இருந்தது. சேதுக் கடலில் மணல் எடுத்துச் சென்று பிரயாகைத் திரிவேணியில் கரைத்துவிட்டு, 1999-இல் காசியிலிருந்து என் மனைவி சுமந்து வந்த கங்கை நீர் அதனுள் இருந்தது. அந்நீரால் இராமநாதருக்கு அபிஷேகம் நடந்தால்தான் காசி யாத்திரை நிறைவுறும் என்பது பெரியோர் வகுத்த முறை. “அடுத்த விடுப்பில் போகலாம்” என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வங்கிப் பணியில் ஊர் மாற்றம், மார்ச் மாதக் கணக்கு முடிப்பு. ஓய்வு பெற்ற பின் முழங்கால் வலி. வியாழன் மாலைதோறும் அவள் அச்செம்பைத் துலக்கி வைப்பாள், வெள்ளியன்று பொட்டிடுவாள். ஒருமுறையும் என்னைக் கடிந்துகொண்டதில்லை.

அவள் மறைந்து, வருஷாப்திகம் முடிந்த மறுவாரமே செம்புடன் புறப்பட்டேன். நீர் வற்றியிருக்குமோ என்ற ஐயத்தில், இரயிலில் அதனைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தளும்பியது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தை வண்டி அப்போதுதான் கடந்துகொண்டிருந்தது.

விடியுமுன் அக்னி தீர்த்தத்தில் நீராடினேன். திருச்செந்தூர் அலைகளைக் கண்டவர்களுக்கு இக்கடலின் அடக்கம் வியப்பளிக்கும், குளம்போல் கிடக்கிறது. பின்னர் ஈர உடையோடு ஆலயத்தினுள் 22 தீர்த்தங்கள். கிணற்று விளிம்பில் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும், நாவில் பட்ட நீர் உப்புக் கரிக்கவில்லை. கல்தளம் எங்கும் ஈரம். முதியோர் துணையின்றிச் செல்ல வேண்டாம். “ஐயா, பைய வாங்க, வழுக்கும்” என்று வாளிக்காரர் ஒருவர் கோடி தீர்த்தம் வரை என் கையை விடவில்லை.

உலர்ந்த வேட்டி மாற்றிக்கொண்டு மூன்றாம் பிரகாரத்தில் நடந்தேன். சேதுபதி மன்னர்களின் திருப்பணி, 1212 தூண்கள். கணக்கு எழுதிப் பழகிய கை அல்லவா, எண்ணத் தொடங்கினேன். அறுபதுக்குள் தவறிவிட்டது.

இத்தலத்தில் முதற்பூஜை விசுவலிங்கத்துக்கே. கயிலைக்குச் சென்ற அனுமன் குறித்த வேளைக்குள் திரும்பாததால், சீதாபிராட்டி மணலால் பிடித்த லிங்கத்தை இராமபிரான் வழிபட்டார். தாமதமாக வந்த அனுமன் மனம் நொந்ததைக் கண்டு, அவன் கொணர்ந்த லிங்கத்துக்கே முதல் மரியாதை என்று அருளினார் என்பது தலவரலாறு. அச்சந்நிதியில் நான் சற்று அதிக நேரம் நின்றேன்.

அபிஷேகச் சீட்டுடன் செம்பைக் கொடுத்தேன். அர்ச்சகர் அதன் வாயைத் திறந்தார். நீர் தெளிவாகவே இருந்தது. கோத்திரம் கேட்டார், சொன்னேன். யார் பெயருக்குச் சங்கல்பம் என்று கேட்டார். அவள் பெயரைச் சொல்லக் குரல் எழவில்லை. பக்கத்தில் நின்ற மகன் சொன்னான். இராமநாதர் திருமுடிமீது அந்நீர் வழிந்து முடியச் சில நொடிகளே ஆயின.

வெறும் செம்பைத் திருப்பித் தந்தார்கள். அன்று வியாழக்கிழமை. தங்கியிருந்த சத்திரத்தின் சமையற்கட்டில் சிறிது புளி கேட்டு வாங்கி, மாலையில் நானே அதனைத் துலக்கி வைத்தேன்.