மல்லாட்டையின் மரபுவளம்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையில் குள்ளஞ்சாவடி உள்ளது. மேற்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். சுற்றிலும் செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும். அவற்றின் இடையே மார்கழிப் பட்டத்தில் விதைக்கப்படும் நிலக்கடலைக்கு அவ்வூர் மக்கள் வழங்கும் பெயர் மல்லாட்டை. பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவின் வழியே வந்தது என்னும் எண்ணத்தால் 'மணிலாக்கொட்டை' எனப்பட்டது, மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகச் சுருங்கிற்று. உண்மையில் அதன் தாயகம் தென் அமெரிக்கா. வந்த ஊரை மறந்தாலும் வந்த வழியைப் பெயர் மறக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சு நாட்டு மர்சேய் நகரின் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. அந்நூற்றாண்டின் இறுதியாண்டுகளில், நெடுங்காலம் பயிரிடப்பட்டுவந்த வகை நலிந்தது, விளைச்சல் குன்றியது, சாகுபடிப் பரப்பும் சரிந்தது. மொரீஷியஸிலிருந்து வந்த வேறொரு வகையின் விதையே உழவரைக் காத்தது. 1905இல் பாலூரில் அரசு வேளாண் பண்ணை தொடங்கப்பட்டபோது மல்லாட்டையும் அதன் ஆய்வுப் பயிர்களுள் ஒன்றாயிற்று. பயிர் மீண்டது என்று சொல்வது எளிது. ஒரு வகை போன இடத்தில் மற்றொரு வகை வந்தது என்பதே நடந்தது. அந்த மற்றொன்று எங்கேனும் இருந்திராவிடில் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

இப்பயிருக்கு அக்கேள்வி பிறவியிலேயே உண்டு. ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இருவேறு காட்டு இனங்கள் கலந்து மல்லாட்டை தோன்றியது. ஒவ்வொன்றிலும் குரோமோசோம்கள் 20. கலப்பில் பிறந்த செடியில் 40. எண்ணிக்கை வேறுபட்டதால் அச்செடி தன் காட்டு உறவுகளோடு மீண்டும் எளிதில் கலக்க இயலாது போயிற்று. போதாக்குறைக்கு அதன் மஞ்சள் மலர் தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, விழுதிறக்கி, மண்ணுக்குள் காய்க்கிறது. ஆதலால் கொத்துக்கடலை, கொடிக்கடலை என்று வடிவத்தில் எத்தனை வேறுபட்டாலும், உலக மல்லாட்டை முழுவதும் பெரிதும் ஒரு குடும்பமே. ஒருவரைத் தாக்கும் நோய் மற்றவரையும் எளிதில் தாக்கும்.

இலைப்புள்ளி நோயும் துரு நோயும் பரவினால் காய் முற்றுமுன்பே இலைகள் உதிரும். ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ பருப்பை விதையாகப் போட்ட சிறு உழவர், மருந்துச் செலவையும் தாங்கவேண்டும். நெல்லைப்போல இது ஒன்றுக்கு நூறாகப் பெருகும் விதையன்று. இழந்த விதையை மறுபட்டத்திற்குள் ஈட்டுவது கடினம்.

இந்நோய்களுக்குத் தடை பொலிவியாவில் கிடைத்தது. அங்குச் சேகரிக்கப்பட்ட 'அராக்கிஸ் கார்டினாசி' என்னும் காட்டுச்செடியை 1960களில் ஆய்வாளர்கள் பயிரோடு கலந்தனர். குரோமோசோம் தடையைக் கடக்கப் பல தலைமுறைக் கலப்புகள் தேவைப்பட்டன. அவ்வழியில் வந்த விதைகள் நாடுவிட்டு நாடு சென்றன. கருநாடகத்தின் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஜி.பி.பி.டி. 4 என்னும் வகையின் நோய்த்தடை அந்தக் காட்டுச்செடி தந்ததே. தின்பதற்குக் காயே தேறாத களை ஒன்று, கண்டம் கடந்து வந்து உழவரின் மருந்துச் செலவைக் குறைத்தது. பயனற்றது என்று நாம் பிடுங்கியெறிவனவற்றின் பட்டியலைச் சற்றுத் திருத்தி எழுதவேண்டியிருக்கிறது.

ஐதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில் 1972இல் நிறுவப்பட்ட பன்னாட்டு வறட்சிப்பகுதிப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், பல நாடுகளின் பல்லாயிரம் நிலக்கடலை வகைகளைக் குளிரூட்டிய அறைகளில் காத்துவருகிறது. அத்தனையையும் ஒருசேர விதைத்துச் சோதிப்பது இயலாததால், அவற்றின் வேறுபாடுகளுக்குச் சான்றாக 184 வகைகளைத் தனியே தெரிந்தெடுத்துள்ளனர்.

குள்ளஞ்சாவடிக்கு அருகில் இப்பணி நடைபெறுவது விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில். வி.ஆர்.ஐ. என்னும் எழுத்துகளோடு உழவர் வாங்கும் விதைகள் அங்குப் பிறந்தவை. கலப்பு செய்யும் முறை பொறுமையைச் சோதிப்பது. மறுநாள் மலரவிருக்கும் மொட்டை மாலையிலேயே பிரித்து, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் நீக்குவர். விடிந்ததும் தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுவர். அம்மொட்டு இன்னதென அறிய ஒரு வண்ண நூல் கட்டப்படும். விழுது மண்ணில் இறங்கியபின், அந்நூலைப் பார்த்தே காயைத் தோண்டுவர். உள்ளே பெரும்பாலும் இரண்டு பருப்புகள் இருக்கும்.