பெயரும் பொருளும்

பெயர்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் நம் இலக்கண நூலார் பகுத்தனர். இப்பகுப்பு கணிப்பொறிக்கு முன் அமர்ந்திருப்போர்க்கும் பயன்படும் என்பதை எக்செல் கணக்கேடுகளோடு பழகிய நாம் கண்டோம். அதனை ஈண்டுச் சிறிது விளக்குவோம்.

மாக்ரோ என்பது, பன்முறை செய்ய வேண்டிய வேலையை ஒருமுறை எழுதிவைத்து, வேண்டும்போதெல்லாம் தானே நடைபெறச் செய்யும் கட்டளைத் தொகுதி. தேர்வு மதிப்பெண்களைக் கூட்டவும் பட்டியல் அமைக்கவும் பலர் இதனை நாடுகின்றனர். ஏட்டிலுள்ள ஒவ்வொரு ஷீட்டுக்கும், பட்டனுக்கும், படத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பெயரைச் சொல்லியே மாக்ரோ அதனை அழைக்கும்.

இடர் இங்கேதான் பிறக்கிறது. ‘மதிப்பெண்’ என்றிருந்த ஷீட்டை ஒருவர் நல்லெண்ணத்துடன் ‘மதிப்பெண் பட்டியல்’ என மாற்றுகிறார். மறுநாள் மாக்ரோ, 9 என்னும் எண்ணுடைய பிழையைக் காட்டி நின்றுவிடுகிறது. பெயரின் ஈற்றில் கண்ணுக்குப் புலனாகாத ஓர் இடைவெளி சேர்ந்தாலும் இதே கதிதான். மனிதர் குறிப்பால் உணர்வர். இயந்திரமோ எழுத்தளவே அறியும். ஆதலின், நின்ற வரியிலுள்ள பெயரையும் ஏட்டின் அடியிலுள்ள பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுதலே முதற் பரிகாரம்.

இதனினும் சிறந்த வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு ஷீட்டுக்கும் இரு பெயர்கள் உள. ஒன்று யாவரும் கண்டு மாற்றக்கூடிய வெளிப்பெயர், காரணப்பெயர் போன்றது. மற்றொன்று ‘ஷீட்1’ என்றாற்போல மாக்ரோ எழுதும் பகுதியில் மட்டும் தோன்றும் உட்பெயர், இடுகுறி போன்றது. மாக்ரோவும் ஷீட்டும் ஒரே ஏட்டில் இருப்பின், உட்பெயரால் அழைத்தல் நலம். வெளிப்பெயர் எத்தனை முறை மாறினும் அவ்வழைப்புத் தவறாது.

நிற்க. பிழை கூறி நிற்கும் மாக்ரோவைவிடக் கூறாது நடக்கும் மாக்ரோவே அஞ்சத்தக்கது. பழைய எக்செல்லில் 256 நெடுவரிசைகளே இருந்தன; 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை 16,384 ஆயின. அதற்குமுன், டி, ஏ, எக்ஸ் என்னும் எழுத்துகளோடு 2010 என்னும் ஆண்டைச் சேர்த்து ஒரு தொகைக்குப் பெயரிடலாம். புதிய பதிப்பிலோ அதுவே ஒரு கட்டத்தின் முகவரியாயிற்று. பழைய ஏட்டைப் புதிய வடிவிற்கு மாற்றுகையில் எக்செல் அப்பெயரின் முன் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்துக் காக்கும். ஆயின் மாக்ரோவுள் எழுதப்பட்ட பெயரை அது திருத்துவதில்லை. எனவே மாக்ரோ யாதொரு முறையீடுமின்றி, வெறுங் கட்டத்தைப் படித்துச் சுழியமெனக் கொள்ளும்.

பிழை நேரினும் நில்லாது மேற்செல்க என்னும் கட்டளையை மாக்ரோவின் தலைப்பில் எழுதிவைப்போரும் உளர். அது நோயைத் தீர்க்காது, நோயாளியின் வாயை மூடுவதேயாம். ஒரு பிரிவின் ஷீட் பெயர் மாறிக் கிடைக்காதபோது, முன் பிரிவிற்கெனக் கூட்டிவைத்த தொகையே நினைவில் நின்று, அடுத்த பிரிவின் எதிரேயும் பதிவாகலாம். காண்போர்க்கு ஐயமெழாது. ஆண்டு முழுதும் உழைத்த மாணவர்க்கு நேர்ந்த இழப்பை எவர் அறிவார்?

ஆதலின் அன்பர்களே, பொது ஏட்டில் பெயர் மாற்றுமுன் அப்பெயரை அழைப்போர் யாரென வினவுங்கள். மாக்ரோ எழுதுவோர், வேண்டிய பெயர்கள் யாவும் உளவா எனத் தொடக்கத்திலேயே சோதித்து, இல்லாததை வெளிப்படையாகக் கூறி நிற்குமாறு செய்யுங்கள். உரக்கச் சொல்லப்படும் பிழையைத் திருத்தலாம். மௌனமாகப் பதிந்த எண்ணைத் தேடுவதற்கும் ஒருவர் வாரார்.